பழைய இரும்பைப் பாட வைப்பது: உலோகச் சிற்பத்தின் வழியில் கருவிகளை மாற்றியமைக்க முழுமையான வழிகாட்டி

பழைய இரும்பில் சிற்பம் செய்பவர் கையில் கிடைத்த உருப்படியை உருக்கி வார்ப்பதில்லை. பல்சக்கரம் பல்சக்கரமாகவே இருக்கும்; அதே நேரத்தில் ஒரு பறவையின் கண்ணாகவும் இருக்கும். மாற்றியமைத்த கருவிகளுக்கான சோதனை இசையும் இப்படித்தான். கிடார் தன் அடையாளத்தை இழக்காது, லாரியிலிருந்து கழற்றிய பிரேக் டிரம்மும் இழக்காது. இரண்டையும் ஒன்றுக்கொன்று இசைய வைப்பதே நம் வேலை.

ஆனால் ஓர் இடத்தில் சிற்பியின் வழி வேறு, நம் வழி வேறு. சிற்பி பற்றவைக்கிறார். இணைப்பு எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்லது. நமக்கோ இரும்பு அதிர வேண்டும். இரு முனையிலும் பற்றவைத்த பட்டை கட்டை போல 'டொக்' என்று அடங்கிவிடும். அதனால் இந்த வேலையில் பெரும்பங்கு, ஒரு பொருளை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று கண்டுபிடிப்பதுதான். சுருதி, தாளம், இசைக்கோவை எல்லாம் அதற்குப் பிறகு.

முன்னோடிகளில் மூவரின் வேலையையாவது கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1940-ல் ஒரு நடனத்துக்காகப் பியானோ கம்பிகளுக்கு இடையே போல்ட்டுகளையும் நார்ப்பட்டைகளையும் செருகி, ஒரே கருவியைத் தாளக்குழுவாக மாற்றினார். சிற்பி ஜான் டிங்கெலி 1960-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், பழைய பியானோவையும் சேர்த்துக் கட்டிய இயந்திரச் சிற்பம் ஒன்றைத் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும்படி ஓட்டினார். சிற்பி ஹாரி பெர்டோயா உலோகத் தண்டுகளை வரிசை வரிசையாகத் தகட்டில் நட்டு, கையால் வருடினாலே ஒலிக்கும் சிற்பங்களைச் செய்தார். தொடக்கக்காரருக்கு அதிகம் கற்றுத்தருவது பெர்டோயாதான். அவர் சிற்பத்தில் எல்லாமே தண்டின் அடிவேரைப் பொறுத்தது.

எதை எடுப்பது, எதைத் தொடக்கூடாது

காயலான் கடைக் குவியலில் கண்ணை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள். பொருளை ஒரு முனையிலிருந்து கால்வாசி தூரத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இரண்டு விரலால் லேசாகத் தொங்கவிட்டு, மரக்கட்டையால் நடுவில் ஒரு தட்டு. நாலு விநாடிக்கு மேல் கார்வை (தட்டியபின் நீடிக்கும் ஒலி) நின்றால் அது உங்கள் முதன்மைக் குரல். அரை விநாடிக்குள் அடங்கினால் வறண்ட தாள ஒலிக்கு ஆகும். தட்டியதும் 'ஸ்ஸ்' என்ற கரகரப்பு சேர்ந்து வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. பிரேக் டிரம்மில் அப்படி வந்தால் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு விரிசல் அடிக்க அடிக்க நீளும்.

நன்றாக ஒலிப்பவை: பட்டை வில்லின் (லீஃப் ஸ்பிரிங்) தனி இலைகள், வட்ட ரம்பத் தகடுகள், பிரேக் டிரம்கள், 5 மி.மீ.க்கு மேல் தடித்த பட்டை இரும்பு, அலுமினியக் குழாய்கள், பெரிய காயில் ஸ்பிரிங்குகள். மேலோட்டமான துரு பிரச்சினை இல்லை. அடுக்கடுக்காக உரியும் துரு அதிர்வை விழுங்கும்.

விலைக்கு இல்லாமல் இனாமாகக் கிடைத்தாலும் எடுக்கக் கூடாதவை சில உண்டு. மூடிய எரிபொருள் தொட்டி, ரசாயன டிரம், எரிவாயு சிலிண்டர்: காலியானது போலத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும். அழுத்த வாயு உள்ள ஷாக் அப்சார்பர், ஏர்பேக் அமைப்பு, குளிர்பதனக் கம்ப்ரசர், பேட்டரிப் பெட்டி ஆகியவையும் அப்படியே. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்ப வேண்டாம். பிரேக் டிரம்மின் உட்புறத் தூசியில் கல்நார் இருக்கலாம் என்பதால் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீரும் கம்பி பிரஷும் போதும். கையில் படும் விளிம்புகளையெல்லாம் அரத்தால் 1 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். துருப்பிடிக்காமலிருக்க எண்ணெயை மெல்லப் பூசலாம். ஆனால் வயலின் வில் போட்டு இழுக்கப்போகும் விளிம்பில் மட்டும் எண்ணெய் கூடாது, அங்கே வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின் பிடிக்காது.

கணுவைக் கண்டுபிடித்தல்

இரு முனையும் தளர்வாக உள்ள பட்டை அதிரும்போது நடுவும் முனைகளும் ஆடும். இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். அவைதான் கணுக்கள். ஒரே தடிமன் உள்ள பட்டையில் ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் 22.4 சதவீதத்தில் கணு இருக்கும். 400 மி.மீ. பட்டைக்கு அது முனையிலிருந்து 90 மி.மீ. கணுவில் தாங்கினால் கார்வை முழுதாகக் கிடைக்கும். 20 மி.மீ. தள்ளித் தாங்கினாலே பாதி போய்விடும்.

பழைய உருப்படிகள் ஒரே தடிமனாக இருப்பதில்லை. அதற்கு உப்புச் சோதனை இருக்கிறது. பட்டையை இரண்டு ஸ்பாஞ்ச் துண்டுகள்மேல் வைத்து, மேற்பரப்பில் தூள் உப்பை மெலிதாகத் தூவி, ரப்பர் தலை கொண்ட கோலால் நடுவில் மெதுவாக, விடாமல் தட்டுங்கள். உப்பு துள்ளித் துள்ளி நகர்ந்து இரண்டு கோடுகளாகச் சேரும். வில் இலை போல ஒரு முனை ஒல்லியான பொருளில் இந்தக் கோடுகள் சமதூரத்தில் இருக்காது, சில சமயம் சாய்ந்துகூட நிற்கும். சாக்பீஸால் அந்த இடத்திலேயே கோடு கிழித்து, ஸ்பாஞ்சை அங்கே நகர்த்தி மறுபடி தட்டுங்கள். ஓசை திறந்துகொள்வது அந்தக் கணமே கேட்கும்.

சுருதியின் கணக்கும் எளிது. இரும்புப் பட்டையின் அடிப்படை அதிர்வெண் தடிமனுக்கு நேர்விகிதம், நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். அகலத்துக்கு இதில் பங்கு இல்லை. 6 மி.மீ. தடித்த பட்டை 400 மி.மீ. நீளத்தில் சுமார் 195 ஹெர்ட்ஸ், 300 மி.மீ.யில் சுமார் 345 ஹெர்ட்ஸ் தரும். நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி இரண்டு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயி மட்டும் ஏற 400-ஐ 283 ஆக்க வேண்டும். சுருதியைச் சற்று ஏற்ற முனையை அரத்தால் தேயுங்கள். இறக்க, அடிப்பக்கத்தின் நடுவில் தேயுங்கள்.

இரும்புப் பட்டையில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து மேல்சுரங்களும் ஒலிக்கும்; முதல் மேல்சுரம் அடிப்படையைப்போல் 2.76 மடங்கிலும் அடுத்தது 5.40 மடங்கிலும் வரும். கிடார் கம்பியில் 2, 3, 4 என்று முழு எண்களில் வருவதோடு இது ஒட்டாது. உலோகம் ஏன் 'சுருதி சேராதது' போலக் கேட்கிறது என்பதன் காரணம் இதுதான். இந்த முரணே பின்னால் இசைக்கோவைக்கு மூலப்பொருளாகப்போகிறது. ஆகவே பட்டைகளைப் பன்னிரண்டு சுரத்துக்கு இழுத்து வந்து தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கு கடையில் சைலஃபோன் இருக்கிறது.

தொங்கவிடுதலும் நிறுத்துதலும்

சாதாரண இரும்புப் பட்டையில் கணுவின் மேல் 5 மி.மீ. துளையிட்டு, ரப்பர் வளையம் பொருத்தி, 2 மி.மீ. பின்னல் நைலான் கயிற்றில் தொங்கவிடலாம். டிரில் செய்யும்போது பட்டையைக் கவ்வியில் இறுக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள், எண்ணெய் சொட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, சுழலும் டிரில் துணியைப் பிடித்துக் கையை இழுத்துவிடும்.

வில் இலையிலும் ரம்பத் தகட்டிலும் துளையிட முயல வேண்டாம். கெட்டிப்படுத்திய எஃகு டிரில் முனையை மழுக்கும், சூடேறினால் அதன் துள்ளலும் போகும். ரம்பத் தகட்டுக்கு நடுத்துளை ஏற்கெனவே உண்டு. இலைக்குக் கணுவில் கயிற்றைச் சுற்றிச் சுருக்குப் போட்டால் போதும்.

பிரேக் டிரம்மைத் தரையில் கவிழ்த்து வைத்தால் ஊமையாகும், ஏனென்றால் அதில் ஒலிப்பது விளிம்பு. மூடிய அடித்தட்டின் மையத்துக்குக் கீழே அடர்ந்த ஸ்பாஞ்ச் வைத்து, வாய் மேலே பார்க்க நிறுத்துங்கள். விளிம்பில் எதுவும் படக்கூடாது. வெளிச்சுவரில், வாய்க்கு 20 மி.மீ. கீழே அடித்தால் மணி ஓசை வரும். கால்மேல் விழுந்தால் எலும்பு முறியும் எடை என்பதால் மேசை விளிம்பில் வைக்காதீர்கள்.

சட்டத்துக்குக் கனமான குழாய் போதும். தலைக்கு மேல் எதையும் தொங்கவிட வேண்டாம். கயிறு பொருளின் எடையைப் போல ஐந்து மடங்கு தாங்கட்டும். சட்டத்தைப் பற்றவைப்பதானால் துத்தநாகம் பூசிய குழாயைத் தவிருங்கள், அதன் புகை காய்ச்சல் வரவழைக்கும்.

தண்டுத் தோட்டம்

25 × 25 × 200 மி.மீ. சதுர இரும்புக் கட்டை ஒன்று, 3 மி.மீ. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் தண்டுகள் ஏழு. கட்டையின் மேலே 25 மி.மீ. இடைவெளியில் 20 மி.மீ. ஆழத்துக்கு 3.1 மி.மீ. துளைகள் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் மரைவெட்டி, 4 மி.மீ. தலையில்லாத் திருகால் தண்டை இறுக்குங்கள். பற்றவைப்பதைவிட இது மேல்: தண்டின் அடிவேர் சூட்டில் இளகாது, நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம். கட்டையை 4 மி.மீ. பிளைவுட் பெட்டியின் மேல்பலகையில் இரண்டு போல்ட்டால் பொருத்தினால் ஓசை அறைக்கு எட்டும்.

ஒரு முனை இறுகிய தண்டின் நடத்தை வேறு. 300 மி.மீ. நீளமுள்ள 3 மி.மீ. எஃகுத் தண்டின் அடிப்படை அதிர்வெண் சுமார் 24 ஹெர்ட்ஸ்தான். கண்ணுக்கு ஆட்டமாகத் தெரியும், காதில் கிட்டத்தட்ட விழாது. நாம் கேட்பது 6.27 மடங்கிலும் 17.5 மடங்கிலும் வரும் மேல்சுரங்கள்: ஏறத்தாழ 148, 414 ஹெர்ட்ஸ். அதனால் காதால் மட்டும் சுருதி சேர்க்கும்போது குழப்பம் வரும். நீளத்தை அளவுகோலால் வைத்து, பிறகு காதால் திருத்துங்கள். இடைவெளியை 10 மி.மீ.யாகக் குறைத்தால் தண்டுகள் ஒன்றோடொன்று உரசி நாணல் புதர்போல் சலசலக்கும். அது பிடித்திருந்தால் அப்படியே விடலாம். ஓசை மங்கலாக, குறுகலாக வந்தால் பத்துக்கு ஒன்பது முறை திருகு தளர்ந்திருக்கும்.

கிடாரை மாற்றியமைத்தல்

பழைய எலெக்ட்ரிக் கிடார், எஃகுக் கம்பிகள். மடித்த துண்டின்மேல் படுக்க வையுங்கள். கீழ்க்கண்ட அளவுகள் 648 மி.மீ. கம்பி நீளத்துக்கானவை, உங்கள் கிடாரில் நட்டிலிருந்து (தலைப்பக்கக் கம்பித் தாங்கி) பிரிட்ஜ் (உடல்பக்கக் கம்பித் தாங்கி) வரை அளந்து அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஆறு கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் தளர்த்துங்கள். தண்டு செருகும்போது கம்பி உயர்ந்து இழுவிசை கூடும். தளர்த்தாமல் செருகினால் முதலில் அறுவது மெல்லிய முதல் கம்பி.

2. 6 மி.மீ. வழவழப்பான எஃகுத் தண்டை 70 மி.மீ. நீளத்துக்கு வெட்டி முனைகளை உருட்டுங்கள். போல்ட்டை அப்படியே போட வேண்டாம். மரையின் கூர்முனை கம்பியை அரித்து அறுக்கும்.

3. பிரிட்ஜிலிருந்து 216 மி.மீ. தூரத்தில், அதாவது 19-ஆம் ஃபிரெட்டின் (கழுத்துப் பலகையில் பதித்த குறுக்குக் கம்பி) மேல், கம்பிகளுக்கு அடியில் தண்டைக் குறுக்காகச் செருகுங்கள். இப்போது கம்பி இரண்டாகப் பிரிந்துவிட்டது: 216-ம் 432-ம், ஒரு ஸ்தாயி இடைவெளி. ஒரு பக்கம் மீட்டினால் மறுபக்கம் தானாக அதிரும்.

4. தண்டை 1 மி.மீ. 1 மி.மீ.யாக நகர்த்திக் கேளுங்கள். விகிதம் சரியாக அமையும் இடத்தில் மறுபக்க ஓசை மலரும், 3 மி.மீ. தள்ளினால் சொரசொரப்பாகும். இரண்டுமே பயன்படும், பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

5. 259 மி.மீ.யில், ஏறக்குறைய 16-ஆம் ஃபிரெட், 3:2 விகிதம் கிடைக்கும்; ச-ப உறவு. 162 மி.மீ.யில் 3:1. பெரும்பாலான கிடார்களில் அங்கே ஃபிரெட் பலகை முடிந்திருக்கும் என்பதால் உயரமான தண்டு வேண்டும்.

6. நட்டுப் பக்கத்தை மீட்டுங்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பதால், மீட்டிய தட்டொலி மறைந்து, எதிரொலித்த நாதம் மட்டும் ஒலிபெருக்கியில் வரும். இந்தக் கருவியின் ஆகச்சிறந்த குரல் இதுவே.

இதன்மேல் சேர்க்கக்கூடியவை: நாலாம் கம்பியில் பிரிட்ஜிலிருந்து 50 மி.மீ.யில் ஒரு முதலைக் கவ்வி (எடை கூடிய இடத்தில் மேல்சுரங்கள் கலைந்து காங் ஓசை வரும்), இரண்டு கம்பிகளுக்கு இடையே ஒரு ரப்பர் ஆப்பு, கம்பிகளின் மேலும் கீழுமாகப் பின்னிய காகிதப் பட்டை. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் மாட்டினால் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி 'டக்' என்னும்.

பியானோவில் செய்வதானால் முதலில் உரிமையாளரின் சம்மதம். பிறகு: டாம்பர் (கம்பியின் ஒலியை அடக்கும் மெத்தை) விலகி நிற்க அதன் பெடலை மிதித்துக்கொண்டே செருகுங்கள், மர ஆப்பால் கம்பிகளை விலக்குங்கள், தானாகப் பிடித்து நிற்கும் அளவுள்ள திருகை மட்டும் வையுங்கள். செம்பு சுற்றிய மந்தரக் கம்பிகளில் உலோகம் கூடாது, பசை எங்கும் கூடாது. விரல் வியர்வை கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் இங்கே பருத்திக் கையுறை போடுங்கள். டாம்பரிலிருந்து திருகு எவ்வளவு தூரம் என்பதைத் தாளில் எழுதி வைப்பது அவசியம். அந்தத் தூரம் மாறினால் ஓசையே மாறிவிடும்.

தொடு மைக்

அதிர்வை மின்சாரமாக்கும் 27 மி.மீ. பீசோ டிஸ்க், உறையிட்ட கேபிள், 6.35 மி.மீ. ஜாக். பித்தளை விளிம்பில் உறை இழையையும் நடுவில் உள்ள வெண்பகுதியில் உள்கம்பியையும் சாலிடர் செய்யுங்கள். நடுப்பகுதியில் இரண்டு விநாடிக்கு மேல் சூடு வைத்தால் பூச்சு உரிந்து டிஸ்க் செத்துவிடும்.

'தகர ஒலி மட்டும் வருகிறது, கனமே இல்லை' என்ற குறைக்குக் காரணம் அநேகமாக மின்மறுப்புதான். டிஸ்க்கின் மின்தேக்கு சுமார் 20 நானோஃபாரட். அதை 10 கிலோ ஓம் உள்ளீட்டில் செருகினால் ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துவிடும். நம் 195 ஹெர்ட்ஸ் பட்டை எங்கே கேட்கும்? 1 மெகா ஓம் உள்ளீட்டில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கிடார் உள்ளீடோ பீசோவுக்கான ப்ரீஆம்போ (முன்பெருக்கி) பயன்படுத்துங்கள். பாண்டம் மின்சாரம் (மைக்குகளுக்கு ஊட்டும் மின்சாரம்) வரும் சாக்கெட்டில் நேரடியாகச் செருகாதீர்கள்.

டிஸ்க்கை ஒரு சிறு காந்தத்தில் ஒட்டினால் எந்த இரும்பிலும் நொடியில் மாற்றலாம். கணுவில் ஒட்டினால் அடிப்படைச் சுரம் கேட்காது, முனைப்பக்கம் நகர்த்துங்கள். பிரேக் டிரம்மில் நேராக ஒட்டினால் பலமான அடியில் ப்ரீஆம்ப் உடைந்த ஒலி தரும். அதற்கு டிரம்மைத் தாங்கும் பலகையில் ஒட்டுவது மேல்.

இரும்பிலிருந்து இசைக்கோவைக்கு

சிற்பத்தின் நிழலுருவைத் தாளில் வரைந்து, உயரத்தைச் சுருதியாகவும் நீளத்தை நேரமாகவும் வாசிப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அது சிற்பத்தின் ஓரக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் எடையையும் இணைப்பையும் விட்டுவிடுகிறது. இணைப்பிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ஓசைகள் எந்த மேல்சுரத்தில் தொட்டுக்கொள்கின்றன என்று தேடுங்கள்.

ஓர் உதாரணம். 195 ஹெர்ட்ஸ் பட்டையின் முதல் மேல்சுரம் 2.76 மடங்கு, அதாவது சுமார் 537 ஹெர்ட்ஸ். கிடார் கம்பியின் மூன்று மடங்கு மேல்சுரம் அங்கே வர வேண்டுமானால் கம்பி 179 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 196 ஹெர்ட்ஸில் இருக்கும் மூன்றாம் கம்பியை ஒன்றரை அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாக இறக்கினால் அது கிடைக்கும். எந்த அட்டவணையிலும் இல்லாத சுரம் அது. பட்டையைத் தட்டிவிட்டு, கம்பியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் விரல் நுனியால் தொட்டு மீட்டுங்கள். இரண்டும் 2 ஹெர்ட்ஸ் விலகி இருந்தால் விநாடிக்கு இரண்டு அலை 'வ்வோ-வ்வோ' என்று துடிக்கும். முறுக்காணியைத் திருப்பத் திருப்ப அந்தத் துடிப்பு மெதுவாகி, நிற்கும். இரும்பு நகராது, கம்பிதான் அதை நோக்கிப் போக வேண்டும். தண்டு செருகாத இந்தப் பயிற்சிக்கு மாற்றியமைக்காத இரண்டாவது கிடார் ஒன்று இருந்தால் வசதி.

இப்படி நாலைந்து இணைப்புகள் சேர்ந்தால் எட்டு நிமிடக் கோவைக்குப் போதும். ஒவ்வொரு பொருளையும் மூன்று இடத்தில், மூன்று கோலால் (மரம், கெட்டி ரப்பர், உலோகம்) அடித்துப் பதிவுசெய்து, கார்வையின் நீளத்தை விநாடியில் எழுதுங்கள். 12 விநாடி கார்வை உள்ள பொருளை 4 விநாடிக்கு ஒருமுறை அடித்தால் எல்லாம் கலந்து சேறாகும்; கார்வையே அதன் தாளத்தைத் தீர்மானிக்கட்டும். எழுதும் முறைக்கு 1 செ.மீ. = 10 விநாடி என்ற காலக்கோடும், பொருளுக்கு ஒரு வரியும், அடிக்கும் இடத்தைக் காட்ட அந்தப் பொருளின் சிறு படத்தில் ஒரு புள்ளியும் போதும். உச்ச ஒலி ஒரே ஓர் இடத்தில் வரட்டும். பலமாக அடிக்கும் சுகம் பெரிது என்பதால் ஒத்திகையில் இது முதலில் மீறப்படும்.

வில் இழுக்கக் கைரம்பத் தகட்டின் பல் இல்லாத விளிம்பும் பட்டையின் முனையும் ஏற்றவை. ஸ்பிரிட்டால் துடைத்து, வில்லில் வழக்கத்தைவிடக் கூடுதல் ரோசின் தேய்த்து, மெதுவாக, அழுத்தமாக இழுங்கள். கீச்சிட்டால் வேகம் அதிகம். சத்தமே வராவிட்டால் விளிம்பில் எண்ணெய். 25 மி.மீ. ரப்பர் பந்தை ஒரு மெல்லிய குச்சியில் செருகித் தகட்டின்மேல் இழுத்தால் முனகல் வரும். பெரிய தகடுகள் இதற்கு அற்புதமாகப் பதில் சொல்லும்.

மூடிய அறையில் கைதூரத்தில் இரும்பை அடிக்கும்போது 100 டெசிபெல் எளிதில் எட்டும். அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியாஷ் தரும் வரம்பின்படி அந்த அளவில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் பாதுகாப்பு. ஒத்திகை முழுவதும் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். சுருதி சேர்க்கும்போது மட்டும் கழற்றலாம்.

பதிவுக்கு ஒரு ஜோடி மைக் 1.5 மீட்டர் தள்ளி, தொடு மைக் தனி டிராக்கில், 24 பிட். அந்த ஒற்றை உச்ச அடியை வைத்து அளவைச் சரிசெய்து, அது பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் −12 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு தண்டையும் கவ்வியையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கயிறு நைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள், கிடாரிலிருந்து தண்டை எடுத்தபின் கம்பிகளைத் தளர்வாகவே வையுங்கள்.